சீனக் கிராமங்களில் தனியாகச் சைக்கிள் பயணம்: எந்த வழி, எங்கே தங்குவது?

கேள்வி இதுதான்: இந்திய பாஸ்போர்ட், சீன மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது, மூன்று வார விடுப்பு. சீனாவின் கிராமப்புறத்தில் தனியாகச் சைக்கிளில் சுற்ற முடியுமா? முடியும் என்றால் எந்தப் பகுதிக்குப் போகலாம்?

தாராளமாக முடியும். சாலையும் மனிதர்களும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட எளிது. சிக்கல் சாயங்காலம்தான் ஆரம்பிக்கும்: எங்கே படுப்பது, உங்கள் பாஸ்போர்ட்டை யார் பதிவு செய்வது? அதனால் பகலில் எந்த வழியாகப் போவது என்று யோசிக்கும் முன்பே, ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் தங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். வழி தானாக அமைந்துவிடும்.

முதலில், எங்கே போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சீனாவில் சைக்கிள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செங்டுவிலிருந்து லாசா போகும் ஜி318 சாலை. சுமார் 2,100 கிலோமீட்டர், வழியெல்லாம் 4,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள். கோடை விடுமுறையில் சீனக் கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக அதில் போவார்கள். வெளிநாட்டவர் அப்படித் தன்போக்கில் போக முடியாது. திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும். அதைப் பயண நிறுவனம் வழியாக, வழிகாட்டியோடு போகும் பயணத்துக்குத்தான் கொடுப்பார்கள். அனுமதி தேவைப்படாத மேற்குச் சிச்சுவான் பகுதிகளும் சில சமயம் வெளிநாட்டவருக்கு மூடப்படுவதுண்டு. லித்தாங் போன்ற ஊர்கள் 4,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சு வாங்குவதிலேயே பாதி நாள் போய்விடும். சின்ஜியாங்கில் சோதனைச் சாவடிகள் அதிகம். எல்லையோரப் பகுதிகளுக்குத் தனி அனுமதி கேட்பார்கள். மூன்று வாரத்தில் இந்த இடங்களுக்கு ஆசைப்பட வேண்டாம்.

நான் சொல்வது தெற்கில், குவாங்சியின் குய்லினிலிருந்து குய்சோ மாகாணத்தின் கைலி வரையிலான வழி. சுண்ணாம்புக்கல் குன்றுகள், படிக்கட்டு வயல்கள், டோங் என்ற சிறுபான்மை இனத்தார் மரத்தால் கட்டிய கிராமங்கள், மியாவ் என்ற இன்னொரு இனத்தாரின் மலைகள் என எல்லாமே ஒரே சாலைத் தொடரில் வந்துவிடும். குவாங்சோவிலிருந்து செங்டு போகும் பழைய ஜி321 நெடுஞ்சாலைதான் இதன் முதுகெலும்பு. பக்கத்திலேயே விரைவுச்சாலையும், 2014 டிசம்பரில் திறந்த குய்யாங்-குவாங்சோ அதிவேக ரயில் பாதையும் வந்துவிட்டதால் தொலைதூர வண்டிகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய சாலையில் மிச்சம் இருப்பவை உள்ளூர் பஸ், மின்ஸ்கூட்டர், செங்கல் ஏற்றிய சிறு லாரி, அப்புறம் வாத்துகள்.

குய்லினில் இறங்கி ஒருநாள் உடம்பைத் தேற்றிக்கொண்டு யாங்ஷுவோ போங்கள். நெடுஞ்சாலை வழியே சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சாலை பரபரப்பானது. லி ஆற்றை ஒட்டிய சிறு சாலைகளைப் பிடித்துச் சிங்பிங் வழியாகப் போவது நல்லது. 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் மலைக்காட்சி சிங்பிங் பக்கத்தில் உள்ளதுதான். யாங்ஷுவோ நகரமே சுற்றுலாக் கூட்டத்தால் திணறும். அங்கே நிற்காமல் யூலோங் ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள். ஆறு ஆழமில்லாதது, மூங்கில் தெப்பங்கள் போகும், இரண்டு கரையிலும் வயலுக்கு நடுவே குறுகிய பாதைகள் உண்டு. மேல்பகுதியில் 1412-இல் கட்டியதாகச் சொல்லப்படும் ஒற்றை வளைவுக் கல்பாலம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் சுமையில்லாமல் இங்கே மிதித்துப் பழகினால் வலப்பக்கப் போக்குவரத்து கைக்கு வந்துவிடும். நமக்கு இடப்பக்கம் பழக்கம் என்பதால் நாற்சந்திகளில் தலை தவறான திசைக்குத்தான் முதலில் திரும்பும். சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டிகள் பொதுவாக வலப்பக்கம் திரும்பலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குய்லினுக்கு வடமேற்கே லோங்ஷெங் மாவட்டம். லோங்ஜி படிக்கட்டு வயல்கள் இங்கேதான், சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 1,100 மீட்டர் வரை மலை முழுக்க வெட்டியிருக்கிறார்கள். பிங்கான் ஊரில் சுவாங் மக்கள், தாஜாய் பக்கம் யாவ் மக்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, ஏற்றமும் கடுமை. கீழே விடுதியில் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளூர் பஸ்ஸில் ஏறி, மேலே ஒரு ராத்திரி தங்கி நடந்து பாருங்கள். சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போவதால் ஒரு லாபமும் இல்லை.

லோங்ஷெங்கைத் தாண்டிச் சான்ஜியாங் வரும்போது பயணத்தின் முகமே மாறும். இது டோங் மக்களின் நாடு. செங்யாங் கிராமத்தில் 1912-இல் கட்டத் தொடங்கிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது, மேலே ஐந்து கூரைக் கோபுரங்களோடு. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி உட்கார இரண்டு பக்கமும் பெஞ்சு உண்டு. பாட்டிகள் இப்போதும் அங்கே உட்கார்ந்து துணி விற்கிறார்கள். இந்தப் பாலங்களில் மரத்தோடு மரத்தைக் கோத்திருக்கும் விதத்தை நிதானமாக நின்று பாருங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் ஒருநாள் முழுக்க நிற்பார்கள். அங்கிருந்து மாகாண எல்லையைத் தாண்டினால் குய்சோவின் ஜாவ்ஷிங். ஐந்து குலக்கிளைகளுக்கு ஐந்து முரசுக் கோபுரங்கள் நிற்கும் பெரிய டோங் கிராமம் அது. சுற்றுலா வந்துவிட்டது, டிக்கெட் உண்டு. ஆனாலும் மேலே உள்ள சிறு ஊர்களுக்கு ஏறும் பாதையில் விவசாயம் அப்படியே நடக்கிறது. டோங் மக்களின் பலகுரல் பாட்டு 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேடை நிகழ்ச்சியாகக் கேட்பதைவிட, சாயங்காலம் கோபுரத்தடியில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் அமைந்தால் விடாதீர்கள்.

அப்புறம் சோங்ஜியாங், ரோங்ஜியாங். டூலியூ ஆற்றோடு சாலையும் வளைந்து வளைந்து போகும் இந்தப் பகுதிதான் முழு வழியிலும் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய ஏற்றம் அதிகமில்லை, ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் மலை. இங்கே நெல் வயலிலேயே மீனும் வாத்தும் வளர்ப்பார்கள். மீன் களையையும் பூச்சியையும் தின்னும், வாத்து சேற்றைக் கிளறிவிடும், இரண்டின் எச்சமும் உரமாகும். சோங்ஜியாங்கின் இந்த முறையை 2011-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சாலையோரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தாலே அந்த முறை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். ரோங்ஜியாங் 2023-இலிருந்து சீனா முழுக்கப் பிரபலம், கிராமங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியால். விவசாயியும் கறிக்கடைக்காரரும் ஆடுவார்கள், பார்வையாளர்கள் பாரம்பரிய உடையில் வந்து ஆடிப் பாடுவார்கள். ஆட்டம் இருக்கும் வார இறுதியில் போகிறவர்கள் அறையை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

ரோங்ஜியாங்கிலிருந்து கைலி போகத்தான் கால்களுக்கு நிஜமான வேலை. 2,178 மீட்டர் உயரமுள்ள லெய்கோங் மலைத்தொடரைக் கடக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் பஸ்ஸில் ஏறுங்கள். மாவட்ட பஸ்களின் அடிப்பெட்டியில் சைக்கிளைப் படுக்கவைக்க இடம் இருக்கும், ஓட்டுநர் பெரும்பாலும் சிறு தொகை வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்வார்.

சாலைகளின் தரம் பற்றிக் கொஞ்சம். ‘ஜி’ என்றால் தேசிய சாலை, ‘எஸ்’ மாகாணச் சாலை, ‘எக்ஸ்’ மாவட்டச் சாலை, ‘ஒய்’ ஊர்ச்சாலை. வறுமை ஒழிப்புத் திட்டத்தில் 2020-க்குள் ஏறக்குறைய எல்லா ஊராட்சிகளுக்கும் சிமெண்டோ தாரோ போட்டுவிட்டதால் ‘எக்ஸ்’, ‘ஒய்’ சாலைகள்தான் சைக்கிளுக்குச் சொர்க்கம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அறுவடை காலத்தில் சிமெண்டுச் சாலையின் பாதியில் நெல்லும் சோளமும் மிளகாயும் காயும். அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள், அது ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு. மலைப்பகுதியில் சுரங்கப்பாதைகள் அடிக்கடி வரும், சிலவற்றில் விளக்கு இருக்காது. முன்னும் பின்னும் பிரகாசமான விளக்கு இல்லாமல் புறப்படாதீர்கள்.

இனி ராத்திரி விஷயம். சீனாவின் வெளிநாட்டவர் வருகைச் சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெளிநாட்டவர் தங்கும் இடம் ஒவ்வொன்றும் காவல்துறையிடம் பதிவாக வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே உங்கள் பாஸ்போர்ட்டைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். யாராவது ஒருவர் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். நீண்ட காலமாகப் பல விடுதிகள் ‘வெளிநாட்டவரை ஏற்கும் தகுதி எங்களுக்கு இல்லை’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. 2024-இல் மத்திய அரசுத் துறைகள், அந்தக் காரணம் சொல்லி யாரையும் திருப்பக்கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. ஆனால் சின்ன ஊரில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டைப் பதியும் முறை தெரியாது. தவறு நடந்தால் தன் தலையில் விழும் என்று பயந்து ‘இல்லை’ என்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாவட்டத் தலைநகரங்களையும் சுற்றுலாக் கிராமங்களையும் ராத்திரித் தங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வழியில் குய்லின், யாங்ஷுவோ, லோங்ஷெங், சான்ஜியாங், ஜாவ்ஷிங், சோங்ஜியாங், ரோங்ஜியாங், கைலி எல்லாமே அப்படிப்பட்டவைதான். நான் இந்த வழியைச் சொல்வதற்கு இதுவும் பெரிய காரணம். முதல்நாளே டிரிப்.காம் போன்ற செயலியில் அறை பிடித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிய ஒரு வரியை விடுதிக்கு அனுப்புங்கள்: ‘நான் இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறேன், பதிவு செய்ய முடியுமா?’ மூன்று மணிக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். மறுத்தால் அடுத்த விடுதி தேட வெளிச்சம் இருக்கும். எதுவும் அமையாவிட்டால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள். அவர்களே எந்த விடுதி ஏற்கும் என்று போன் போட்டுக் கேட்டுச் சொல்வது சாதாரணமாக நடக்கும் விஷயம். நம் ஊரில் காவல் நிலையம் என்றாலே ஒரு தயக்கம் வரும், இங்கே அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

கூடாரம் எடுத்துப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். இந்த வழிக்கு வேண்டாம். மலைச்சரிவில் சமதரை இருந்தால் அது வயலாக இருக்கும். காட்டுப் பகுதியில் தீத் தடுப்புக் காலத்தில் அடுப்பு மூட்டினால் கடுமையான அபராதம். சுமையும் கூடும்.

போன் இல்லாமல் சீனக் கிராமத்தில் ஒரு நாளும் ஓடாது. வண்டியில் கீரை விற்கும் பாட்டியும் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். 2023-இலிருந்து அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்குள் செலவழித்தால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். இதையெல்லாம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, ஓடிபி வரும் சிம் அங்கே வேலை செய்யுமா என்றும் பாருங்கள். இரண்டு செயலி, இரண்டு அட்டை, கொஞ்சம் சில்லறை நோட்டு இருந்தால் கவலையில்லை.

கூகுளும் வாட்ஸ்அப்பும் சீன இணையத்தில் வராது. வெளிநாட்டு ரோமிங் சிம்மோ இசிம்மோ இருந்தால் வரும். ஆனால் கூகுள் வரைபடத்தை நம்பி ஒரு திருப்பமும் திரும்பாதீர்கள்; சீனாவுக்கென்று தனி ஆயத்தொலை முறை இருப்பதால் சாலைகள் இடம் விலகித் தெரியும், தகவலும் பழையது. சீனர்கள் பயன்படுத்தும் அமேப் செயலியில் சைக்கிள் வழி தனியாகவே உண்டு. ஊர்ப்பெயர்களைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், வழி கேட்க அந்தத் தாளைக் காட்டினாலே போதும்.

பேச்சு? மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் மலைக் கிராமங்களில் வயதானவர்களுக்கு டோங், மியாவ் மொழிகளே தாய்மொழி. செயலி பேசும் சீனம் அவர்களுக்கும் அரைகுறைதான். பக்கத்தில் இருக்கும் பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள். இந்த ஊர்களில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவதே தாத்தா பாட்டிகளையும் பேரப்பிள்ளைகளையும்தான். நடுவயதுக்காரர்கள் குவாங்டோங் தொழிற்சாலைகளில் இருப்பார்கள், சீனப் புத்தாண்டுக்குத்தான் வருவார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய மூன்று மாடி வீட்டில் பாட்டி மட்டும் தனியாக இருப்பார். நிழலுக்கு ஒதுங்கினால் முக்காலியை நகர்த்திப் போடுவார்கள், வெந்நீர் தருவார்கள், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். சாப்பிட உட்காரச் சொன்னால் உட்காருங்கள். பணம் வாங்க மாட்டார்கள். பையில் பழமோ பிஸ்கட்டோ வைத்திருந்து பிள்ளைகள் கையில் கொடுப்பதுதான் மரியாதை. விருந்தில் அரிசிச் சாராயம் கிண்ணத்தில் வரும். குடிக்காதவர் முதல் கிண்ணத்திலேயே சைக்கிளைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டும், ஒரு வாய் குடித்தபின் மறுத்தால் விடமாட்டார்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் முன் கேளுங்கள். அவர்கள் வீட்டு வாசல் உங்கள் படத்துக்கான அரங்கம் இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவருக்கு இந்த வழி விருந்து. காலையில் குய்லின் அரிசி நூடுல்ஸ், சான்ஜியாங்கில் பொரியும் தேயிலையும் சேர்ந்த எண்ணெய்த் தேநீர், கைலியில் புளித்த தக்காளிச் சாற்றில் வேகும் மீன். அந்தப் புளிப்பு, நம் ரசத்துக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சைவம் என்றால் கொஞ்சம் உழைக்க வேண்டும். காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சூப் எலும்பில் கொதித்திருக்கும். ‘இறைச்சி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், தாவர எண்ணெய் போதும்’ என்று சீன எழுத்தில் அட்டை வைத்துக்கொண்டு, சமையலறைக்குள்ளேயே போய்க் காய்களைக் கைகாட்டுங்கள். சின்னக் கடைகளில் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டைப் பொரியலும் சோறும் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

எப்போது போவது? அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து நவம்பர் கடைசி வரை. அக்டோபர் 1 முதல் ஏழு நாள் தேசிய விடுமுறை, அப்போது யாங்ஷுவோவிலும் லோங்ஜியிலும் நிற்க இடமிருக்காது. மே, ஜூன் மாதங்கள் குய்லினில் கொட்டும் மழைக்காலம். 2025 ஜூனில் டூலியூ ஆறு பெருகி ரோங்ஜியாங் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. அந்த மாதங்களில் மலைச்சாலையில் மண்சரிவும் உண்டு. குளிர்காலத்தில்தான் விடுப்பு என்றால் இந்த வழியை விட்டுவிட்டு ஹைனான் தீவுக்குப் போங்கள். 2023 டிசம்பரில் திறந்த 988 கிலோமீட்டர் கடலோரச் சுற்றுச்சாலை அங்கே இருக்கிறது, ஜனவரியிலும் வெயில் அடிக்கும்.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? மூன்று வாரத்துக்கு என் ஆலோசனை, அங்கேயே வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது. ஜயண்ட் என்ற சைக்கிள் நிறுவனத்தின் கடைகள் பெரிய நகரங்களில் மட்டுமல்ல, பல மாவட்ட ஊர்களிலும் உண்டு. உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் அங்கேயே கிடைப்பார்கள். நீங்கள் உயரமானவர் என்றால் மட்டும் சைக்கிளின் பிரேம் அளவை முன்கூட்டியே விசாரியுங்கள். அதிவேக ரயிலில் கைச்சாமானின் நீள அகல உயரக் கூட்டுத்தொகை 130 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதனால் முழு அளவுச் சைக்கிள் அதில் சிரமம். மடக்குச் சைக்கிளைப் பையில் கட்டினால் ஏற்றலாம். நீங்கள் ரயிலையும் சேர்த்துத் திட்டமிட்டால் மடக்குச் சைக்கிளே மேல். யாங்ஷுவோ, சான்ஜியாங், சோங்ஜியாங், ரோங்ஜியாங் எல்லாவற்றுக்கும் ரயில் நிலையம் உண்டு, கால் வலித்தாலும் மழை பிடித்தாலும் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டும். போகும் நகரங்களும் விடுதி முன்பதிவும் விண்ணப்பத்தோடு கேட்பார்கள். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் விசா உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். 2025 அக்டோபரில் கொல்கத்தா-குவாங்சோ நேரடி விமானம் மீண்டும் ஓடத் தொடங்கியது. குவாங்சோவிலிருந்து குய்லினுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்.

நாள் கணக்கு இப்படிப் போடலாம். போய்வர நான்கு நாள் கழியுங்கள். யாங்ஷுவோ சுற்றுவட்டாரத்துக்கு நான்கு நாள், லோங்ஜிக்கு இரண்டு, சான்ஜியாங்கிலிருந்து ரோங்ஜியாங் வரை ஆறு நாள். ஒருநாளைக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் போட வேண்டாம். மிச்ச நாட்களில் மழைக்கு இரண்டு நாளைத் தனியாக வைத்துவிட்டு, கால் ஒத்துழைத்தால் கைலி வரை ஏறுங்கள். ஒத்துழைக்காவிட்டால் ரோங்ஜியாங்கிலேயே ரயில் பிடித்துத் திரும்பிவிடலாம்.